நட்சத்திரம் வைத்த லாரி

ஈஜிபுராவின் வடக்கு ஓரத்தில் ராணுவ நிலம் தொடங்கிவிடுகிறது. மதிலுக்குள்ளே பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ராணுவத்துக்கு அரிசி முதல் பெட்ரோல் வரை கொண்டு சேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோர் படைப்பிரிவின் மையமும் அந்தப் பக்கம்தான். தெற்கே கோரமங்கலா. நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் மாடி வீடுகள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே டீக்கடையில் கேட்கும் சந்துகள், 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன மேம்பாலத்தின் தூண்கள். தூண்களுக்கு அடியிலும் சந்து முனைகளிலும் காற்று இறங்கிய சக்கரங்களோடு பழைய வண்டிகள் நின்றன. ஒரு கான்டெஸா, ஒரு மாட்டடார், முன்கண்ணாடி இல்லாத ஒரு அம்பாசிடர்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தங்கை மகன் ஈஜிபுராவில் இருக்கிறான். அவனைப் பார்க்க வந்தவனுக்கு லால்பாக், விதான சௌதா, இஸ்கான் கோயில் என்று அவன் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். "மாமா, இதுபோக வேற எங்கயாவது போகணுமா?" என்று கேட்டபோது, "பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். என் அப்பா தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து லாரி ஓட்டியவர். உப்பு ஏற்றும் லாரியின் தகடு சீக்கிரம் அரித்துப்போகும். எஞ்சின் மட்டும் நின்று உழைக்கும். அவர் ஓட்டிய டாட்டா லாரியின் நெற்றியில் ஒரு வட்டமும் அதற்குள் மூன்று முனை நட்சத்திரமும் இருந்தன. அந்த நட்சத்திரத்தை இன்னொரு முறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

மருமகன் வீட்டுத் தெருமுனையிலேயே ஒரு மெக்கானிக் பட்டறை. நடத்துகிறவர் கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கம் மூடியபின் பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நான் போகிற இடத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "சிவாஜிநகர் போங்கண்ணே. ஆனா அதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போங்க" என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு சாமானை எடுத்தார். லாரியின் டீசல் பம்ப். துடைத்துக் காட்டினார். மேலே 'மைக்கோ' என்று வார்த்திருந்தது.

மைக்கோ என்றால் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 1951-இல் தொடங்கியது; 2008-இல் பெயரே பாஷ் என்று மாறியது. அதன் தொழிற்சாலை ஆடுகோடியில் எழுந்தது. ஈஜிபுராவிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். டீசலைத் துளித்துளியாக அளந்து, பெரும் அழுத்தத்தில், சரியான நொடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது இந்த பம்ப். உள்ளே ஒரு சிறிய உருளையும் அது ஏறி இறங்கும் குழலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. மெக்கானிக் அந்த உருளையை டீசலில் நனைத்துக் குழலுக்குள் நிறுத்தினார். தன் எடையிலேயே அது மெல்ல மெல்ல இறங்கியது. "வேகமா விழுந்தா தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இது இன்னும் ஓடும்ணே" என்றார். காஷ்மீர் ஆப்பிளையும் தூத்துக்குடி உப்பையும் சுமந்த லாரிகளுக்கு டீசல் அளந்து கொடுத்த சாமான் இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் செய்யப்பட்டது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈஜிபுராவிலிருந்து சிவாஜிநகர் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். தோம்லூர், டிரினிட்டி, எம்.ஜி. ரோடு என்று பஸ் ஊர்ந்து போகிறது. போகும் வழியெல்லாம் பழைய கண்டோன்மென்ட். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் கூலிகளும் சமையல்காரர்களும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அப்போது பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட இடம்தான் இன்றைய சிவாஜிநகர். செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு ஊரே கூடும் தூய மரியன்னை பேராலயம் ஒரு பக்கம், 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட் இன்னொரு பக்கம். பூக்கடை, கறிக்கடை, அத்தர் கடை எல்லாம் தாண்டி உள்ளே போனால் காற்றில் மணம் மாறுகிறது. கிரீஸும் பழைய ரப்பரும் கேஸ் வெல்டிங் புகையும் கலந்த மணம். குஜிரி என்று இங்கே சொல்லும் பழைய சாமான் கடைகள் அங்கே தொடங்குகின்றன.

முதல் பார்வைக்கு மலைப்பாகத்தான் இருந்தது. ஒரு கடை முழுக்கக் கதவுகள், புத்தகம் அடுக்கினாற்போல் நிமிர்த்தி அடுக்கியவை. அடுத்த கடையில் தரை முதல் கூரை வரை ஸ்டியரிங்குகள். இன்னொன்றில் கியர் பாக்ஸ் மட்டும். மாடிப்படியின் இரண்டு பக்கமும் முன்விளக்குகள். மொட்டை மாடியில் பம்பர்கள், அவற்றில் குரோமியம் இன்னும் வெயிலைத் திருப்பி அடித்தது. முழு வண்டி ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது. அவையும் எஞ்சின் இறங்கி, மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தன. இந்தச் சந்துகளில் ஒரு வண்டி முழுசாக நிற்கும் காலம் மிகக் குறைவு. இடத்துக்கு வாடகை உண்டு. இரும்புக்குக் கிலோவுக்கு விலை உண்டு.

பழைய கார்கள் முழுசாகவே கிடக்கும் இடங்கள் வெளிநாடுகளில் உண்டு. ஸ்வீடனில் நார்வே எல்லைக்குப் பக்கத்தில் பாஸ்ட்னாஸ் என்ற காடு இருக்கிறது. அங்கே அண்ணன் தம்பி இருவர் கூடி உடைப்பதற்காகச் சேர்த்த பழைய கார்கள் நூற்றுக்கணக்கில் பைன் மரங்களுக்கு நடுவே பாசி பிடித்து நிற்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒயிட் என்ற ஊரில், 1931-இல் பலசரக்குக் கடையாகத் தொடங்கிய ஒரு குடும்பத்தின் 34 ஏக்கர் நிலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட கார்கள் கிடக்கின்றன. ஜன்னல் வழியாக மரம் முளைத்து வளர்ந்த கார்களைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அப்படிக் காடாக விடுவதற்கு யாருக்கும் மனமும் வராது, வசதியும் கிடையாது. இங்கே ஒரு கார் ஆயிரம் கைகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. அதன் வரலாறும் துண்டுதுண்டாகவே கிடைக்கும். அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைப் பிடித்துவிட்டால் போதும்.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட லுங்கி, காதில் சொருகிய பென்சில். சிறுவனாக இருந்தபோதே இந்தத் தொழிலுக்கு வந்தவர். "பாய், வாங்க வரல, பாக்க வந்தேன்" என்றேன். "பாக்கறதுக்குக் காசு இல்ல தம்பி, உள்ள வா" என்றார். கையில் ஒரு ஸ்பேனரோடு நடந்தவர், கிடந்த பானட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்றது. பட்டி பூசி மறைத்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போனது. "இது இடிச்ச வண்டி. பெயிண்ட் சொல்லாது, தட்டினா சொல்லிடும்" என்றார்.

கிணறு வெட்டும்போது மண் அடுக்கடுக்காகத் தெரிவதுபோல அந்தக் கிடங்கில் காலம் அடுக்கடுக்காகக் கிடந்தது. அடியில் அமெரிக்கா. தூசுக்கு உள்ளே ஒரு செவர்லே சின்னம், டாட்ஜ் லாரியின் முன்சட்டம், வில்லிஸ் ஜீப்பின் பானட். ஃபோர்டு 1926-இல் இந்தியாவில் கம்பெனி திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சேவ்ரியில் வண்டி பூட்டத் தொடங்கியது. பெட்டிகளில் உதிரிகள் கப்பலில் வரும். இங்கே பூட்டி விற்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பெங்களூர் நேச நாட்டுப் படைகளுக்குப் பெரிய தளமாக இருந்தது. போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் நாடெங்கும் ஏலத்துக்கு வந்தன. பஸ் முதலாளிகள் வாங்கி மரத்தில் பாடி கட்டி ஊருக்கு ஊர் ஓட்டினார்கள். நம் தாத்தாக்கள் ஏறிப்போன பஸ்களில் பல அப்படிப் பிறந்தவை.

பிறகு அமெரிக்க அடுக்கு சட்டென்று நின்றுபோகிறது. காரணம் 1953. கப்பலில் வந்ததைப் பூட்டி விற்றால் போதாது, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அதற்கு மேலே உள்ள அடுக்கில் மூன்றே மூன்று குடும்பத்துக் கார்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் பிறந்த ஹிந்துஸ்தான். பம்பாய் குர்லாவில் பிறந்த ஃபியட். சென்னையில், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்த ஸ்டாண்டர்ட்.

பாய் ஒவ்வொன்றையும் தடவிக் காட்டினார். ஹிந்துஸ்தானின் அம்பாசிடர்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். முன்பக்கக் கிரில்லைப் பார்த்தால் எந்த மார்க் என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கிவந்து 1950-களின் பின்பாதியில் தொடங்கியது அந்த வண்டி. இங்கிலாந்தில் அந்த வடிவம் சில ஆண்டுகளில் மறைந்தது. இங்கே 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை கதவடைக்கும்வரை வந்துகொண்டே இருந்தது. ஃபியட் கதவுகளில் ஒரு அதிசயம்: 1960-களின் தொடக்கம் வரை வந்த 1100 வண்டிகளில் முன்கதவின் கீல் பின்பக்கம். கதவு முன்னாலிருந்து திறக்கும். 1964-இல் வந்த டிலைட் வண்டியில் அது மாறிவிட்டது. பிறகு அதே வண்டிதான் 1970-களில் பத்மினி ஆயிற்று. கிடங்கில் இரண்டு விதக் கதவும் அடுத்தடுத்து நின்றன. கீலைப் பார்த்தே வருடம் சொல்லலாம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்பகுதி தனியாகக் கிடந்தது. மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டு; முன்னோக்கி முழுசாகக் கவிழ்ந்து திறக்கும். அதன் பாடியைத் தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அம்பாசிடரின் பாடியை கேஸ் வைத்து வெட்ட வேண்டும். ஹெரால்டை ஸ்பேனர் வைத்தே கழற்றி அடுக்கிவிடலாம். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு விற்ற அந்த வண்டிக்குச் சென்னையில்தான் நான்கு கதவு வைத்தார்கள், 1968-இல். நம்மூரில் காரில் ஏறுவது குடும்பமே அல்லவா.

அன்று நான் கண்டதில் மனத்தில் நின்றது இரண்டு டைனமோக்கள். பாய் இரண்டையும் என் முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். "தம்பி, இதுல என்ன வித்தியாசம் சொல்லு" என்றார். உடம்பைத் துடைத்தால் ஒன்றில் லூகாஸ், மேட் இன் இங்கிலாந்து. மற்றதில் லூகாஸ் டி.வி.எஸ்., மேட் இன் இந்தியா. முதலாவது பர்மிங்காமிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாவது 1961-இல் தொடங்கிய கம்பெனி சென்னையில் பாடி என்ற இடத்துத் தொழிற்சாலையில் செய்தது. லூகாஸ் சாமான்களில் செய்த காலத்தையே எண்ணாகப் பொறித்துவிடுவார்கள். அந்த எண்களை வரிசைப்படுத்தினால், எந்தக் காலத்தோடு இங்கிலாந்து நின்று இந்தியா தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். டைனமோ மட்டும் இப்படி இல்லை. பிஸ்டன், பேரிங், ஸ்பார்க் பிளக், ஸ்பிரிங் பட்டை, கண்ணாடி என்று ஒவ்வொன்றிலும் இந்த மாற்றம் வெவ்வேறு வருடத்தில் நடந்திருக்கிறது. ஒரு நாடு தன் கையால் ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு அந்தக் கிடங்கில் இரும்பில் எழுதிக் கிடந்தது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

லாரிச் சாமான்கள் இருந்தது தனிக் கிடங்கு. வாசலிலேயே ஆக்சில்கள், தண்டவாளம் போல் நீண்ட சேஸிஸ் சட்டங்கள். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி ஆஸ்டின் கார் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்டாக மாறிய கம்பெனியின் காமெட் லாரி முகப்பு ஒன்று இருந்தது. ராணுவம் கழித்த சாமான்களும் இருந்தன. ஜெர்மானிய மான் லாரியை ஜபல்பூரில் செய்தபோது அதற்குச் சக்திமான் என்று பெயர். நிஸான் பேட்ரோலை அங்கே செய்தபோது ஜோங்கா. ஜோங்காவை ஏலத்தில் எடுத்து மலைப்பாதைகளில் ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் கியர் பாக்ஸைத் தேடி இங்கே வருகிறார்கள்.

அங்கேதான் அந்த நட்சத்திரத்தைக் கண்டேன். டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியின் முகப்பு, துரு தின்ற சல்லடை, நடுவில் வட்டத்துக்குள் மூன்று முனை. டாட்டாவின் டெல்கோ கம்பெனி 1954-இல் டைம்லர் பென்ஸோடு பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாட்டாவின் சொந்த எழுத்து வந்தது. லாரி அதேதான், எஞ்சின் அதேதான், செய்த கைகளும் அவைதான். இனி நெற்றியில் வேறொருவர் பெயர் தேவைப்படவில்லை. துருவுக்கு மேல் கை வைத்தபோது அப்பாவின் கையையே தொட்டதுபோல் இருந்தது. உலகத்தின் உயர்ந்த கார்களில் இருக்கும் சின்னம் தன் உப்பு லாரியிலும் இருப்பதில் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். அது ஏன் பிற்பாடு வந்த லாரிகளில் இல்லாமல் போனது என்ற விடையை அவருக்குச் சொல்ல முடியாமல் போனதில் வருத்தமும் வந்தது.

பெங்களூர் இந்தக் கதையில் வெறுமனே உடைக்கிற ஊராக வந்து சேரவில்லை. 1930-களின் நடுவில் எம். விசுவேசுவரய்யா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கார் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, இந்தியாவில் ஒன்று தொடங்கத் திட்டம் தீட்டினார். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் அதைக் கையில் எடுத்தார். மைசூர் சமஸ்தானமும் ஆதரவு தர முன்வந்தது. தில்லியிலிருந்த ஆங்கிலேய அரசு இடம் கொடுக்கவில்லை. கார் தொழிற்சாலை கைகூடாத வால்சந்த் 1940 டிசம்பரில் இதே பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார்; அதுதான் இன்றைய எச்.ஏ.எல். கார் கனவை அவர் 1944-இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று நிறைவேற்றிக்கொண்டார். பாய் தட்டிக் காட்டிய ஃபியட் கதவுகள் அந்தக் கம்பெனியில் செய்தவைதான். தில்லி தலையசைத்திருந்தால் அவை மைசூர் ராஜ்யத்திலேயே பிறந்திருக்கும்.

ஆனாலும் இந்த ஊர் பிற்பாடு தன் பங்குக்குக் கார் செய்தது. கிடங்கின் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில், குப்பை என்று நினைத்து நான் தாண்டிப் போகப்பார்த்த ஒரு கூரையைப் பாய் காட்டினார். தூக்கிப் பார்த்தால் லேசு. தகடு இல்லை, ஃபைபர் கிளாஸ். "பாதல்" என்றார். 1970-களில் பெங்களூரின் சன்ரைஸ் கம்பெனி செய்த மூன்று சக்கரக் கார் அது. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் 200 சி.சி.க்கும் குறைந்த சிறிய எஞ்சின். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்று நம்பிச் செய்தார்கள். அதே நிறுவனம் சிபானி என்ற பெயரில் 1982-இல் டால்ஃபின் கொண்டுவந்தது, இங்கிலாந்தின் ரிலயன்ட் கிட்டன் காரை ஒட்டி. அதற்கும் ஃபைபர் உடம்பு. மாருதி 800 வந்த அலையில் டால்ஃபினால் நிற்க முடியவில்லை. 2001-இல் இதே நகரம் ரேவா என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது; பிறகு அதை லண்டன் தெருக்களிலும் ஓடவிட்டது. உலகம் மின்சாரக் காரைப் பற்றிப் பெரிதாகப் பேசத் தொடங்குவதற்கு முன்பே அது நடந்தது.

பாதலின் கூரை ஏன் இத்தனை காலம் அங்கே கிடக்கிறது என்று கேட்டேன். "துரு பிடிக்காது தம்பி. உருக்கவும் முடியாது. யாரும் வாங்க மாட்டான். தூக்கிப் போட மனசு வரல" என்றார். உலைக்கு உதவாததால் அது பிழைத்திருக்கிறது. ஒரு நகரம் தானே யோசித்துச் செய்த காரின் எச்சம் ஒரு மனிதரின் மனசு வராமையால் மட்டும் காப்பாற்றப்பட்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

உடைக்கும் வேலைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பேட்டரியும் ரேடியேட்டரும் இறங்கும். ஈயமும் செம்பும் பித்தளையும் அதிக விலை. பிறகு எஞ்சின், கியர் பாக்ஸ். அடுத்து கண்ணாடி, கதவு, சீட்டு. ஓடக்கூடிய பாகங்கள் அலமாரிக்குப் போகும். அலுமினிய வார்ப்புகள் தனிச் சாக்கில் விழும். மிச்ச உடம்பு மட்டும் கேஸ் கட்டரில் துண்டாகி உலைக்குப் போய், வீடு கட்டும் கம்பியாகத் திரும்பி வருகிறது. அலமாரிக்குப் போன பாகங்களைத் தேடிக் கேரளத்திலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சினிமாவுக்குப் பழைய கார் சேர்க்கும் கலை இயக்குநரின் ஆட்கள் வருகிறார்கள். ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஊர் ஊராகத் தேடுகிறவர்கள் உண்டு. பழைய வண்டியை உயிரோடு வைத்திருக்க இந்த அலமாரிகள் வேண்டும். இலங்கையில் மோரிஸ் மைனர் இத்தனை காலம் ஓடுவதற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிக் கடைகளும் கைத்திறனும்தான் துணை. அந்தக் கைத்திறனை நம்பி இங்கிலாந்தின் பாத் நகரத்து மோரிஸ் மைனர் பழுதுபார்ப்பு மையம் 1990-களில் இலங்கையில் உதிரிகள் செய்து தன் நாட்டுக்கு வரவழைத்தது. வண்டியைக் கொடுத்த நாடு அதன் பாகத்துக்காக இலங்கைக்கு வந்து நின்றது.

இந்தத் தொழிலின் இருண்ட பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கழிவு எண்ணெய் சாக்கடையில் கலக்கிறது. பேட்டரி அமிலம் வெறுங்கையில் படுகிறது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதை ஊதித் துடைக்கும் பையனுக்கு அது தெரியாது. திருட்டு வண்டிகள் இப்படிப்பட்ட சந்துகளில் காணாமல் போவதும் உண்டு. மீரட் நகரத்துச் சோத்திகஞ்ச் சந்தை 2021-இல் அதனால்தான் மூடப்பட்டது. நேர்மையாக நடத்துகிறவர்கள் ஆர்.சி. புத்தகம் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதில்லை. பாயின் மேஜையில் பழைய ஆர்.சி. நகல்கள் கட்டுக் கட்டாக இருந்தன. எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் எண்கள், எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை எண்கள், கே.ஏ., டி.என். வருவதற்கு முந்திய காலம்.

2021 ஆகஸ்டில் நாட்டில் வாகனக் கழிவுக் கொள்கை வந்தது. பதிவு பெற்ற நிலையங்களில், எண்ணெயை வடித்து, அமிலத்தைப் பிரித்து, முறையாக உடைக்க வேண்டும் என்கிறது. அரசு வண்டிகளுக்குப் பதினைந்து வருடம்தான் ஆயுள் என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. வேலை செய்கிறவரின் நுரையீரலுக்கும் ஊர்க் காற்றுக்கும் இது நல்லதே. பதிவு செய்து ஐம்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் கொடுக்கும் விதியும் 2021-இல் வந்தது. முழு வண்டிக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்கடே சேர்த்த கார்களுக்காக 2023-இல் பயணா அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. இரண்டுமே குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். அங்கே கார்கள் மின்னுகின்றன. ஆனால் மின்னும் காரின் பானட்டைத் திறந்து, இந்த டைனமோ எந்த ஊரில் எந்தக் காலத்தில் செய்தது, இதற்குப் பதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தச் சந்துகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாயின் மகனும் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

அவர்களுக்குத் தெரிந்ததைக் காப்பாற்றச் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பெங்களூரிலும் கோவையிலும் சென்னையிலும் ஆட்டோமொபைல் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பருவத்தில் சில வாரம் சிவாஜிநகரிலோ, ஜே.சி. ரோட்டிலோ, சென்னைப் புதுப்பேட்டையிலோ, கோவை உக்கடத்திலோ இருக்கும் ஒரு பெரியவரோடு உட்கார்ந்தால் போதும். பாகத்தைப் படம் எடுத்து, வார்ப்பில் உள்ள எண்ணைக் குறித்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து வைக்கலாம். எந்த உதிரி எந்த வருடம் இந்தியாவில் பிறந்தது என்ற பட்டியல் அப்படி உருவாகும். பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் இந்தப் பெரியவர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டால், உலைக்குப் போகக் கூடாத சாமான் எது என்று அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். பாதலின் கூரையைப் போன்றவற்றுக்கு இந்த ஊர் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு மூலை கொடுப்பது கர்நாடகத்துக்குப் பெருமையான காரியமாக இருக்கும்.

போக நினைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தவிர்த்துக் காலையில் போங்கள். தடித்த செருப்பு அவசியம். தரையெங்கும் கூரான தகடு. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வீட்டில் லாரியோ பஸ்ஸோ டாக்ஸியோ ஓட்டிய பெரியவர் இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தெரிந்ததும் கடைக்காரருக்குத் தெரிந்ததும் சேரும்போது நமக்கு வேறெங்கும் கிடைக்காத கதைகள் கிடைக்கும். குழந்தைகளின் கையில் ஒரு இங்கிலாந்து டைனமோவையும் ஒரு சென்னை டைனமோவையும் கொடுத்து, எழுத்தைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.